ஷாமிலா பச்சையாகத் தின்ற பன்னீர்

1

இது கதையாக வந்திருக்க வேண்டியதில்லை. கொழும்பிலிருந்து வரும் ஓர் அறிவியல் மாத இதழுக்குக் கட்டுரை தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். தலைப்பையும் அவர்களே கொடுத்தார்கள்: ‘தாவர எண்ணெய்களை நுண்ணுறைகளில் அடைத்து உணவைக் கிருமிகளிடமிருந்து பாதுகாத்தல்’. இதை வாசித்து முடிப்பதற்குள் பாதி உணவு கெட்டுவிடுமே என்று ஆசிரியரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மலையகத்து டயகமவில் ஒரு பெண் இதைச் செய்துகொண்டிருக்கிறார், போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள் என்றார்.

போனேன். அந்தப் பெண் வினோதா. மாடு வளர்க்கிறவர்கள் சேர்ந்து நடத்தும் பால் சங்கத்தில் பன்னீர் செய்யும் சின்னக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அங்கே சரக்கின் தரத்தைப் பார்ப்பது அவள் பொறுப்பு. (நேரில் ‘நீங்கள்’ என்றுதான் பேசினேன். கதைக்குள் வந்ததும் ‘அவள்’ ஆகிவிட்டாள். பரவாயில்லையா என்று கேட்டேன். “கதையில மரியாத குடுத்தா செத்துப்போனவங்கள எழுதுற மாதிரி இருக்கும்” என்றாள்.)

கட்டுரைக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரு முற்பகலில் சொல்லி முடித்துவிட்டாள். நான் புறப்படும்போது வாசல்வரை வந்து, “இதுல இன்னொன்னும் நடந்துச்சு. அது ஒங்க கட்டுரைக்குத் தேவப்படாது” என்றாள்.

அதைக் கேட்டுவிட்டு வந்ததிலிருந்து கட்டுரையை எழுத முடியவில்லை.

2

தொடக்கம் ஒன்று: ‘மழை விடுவதாக இல்லை. மலைகளின் மேல் மேகம்—’

நிறுத்திவிட்டேன். மலையகத்தைப் பற்றிய கதைகளில் பாதி மழையில் தொடங்குகின்றன. மீதிப் பாதி பனிமூட்டத்தில்.

தொடக்கம் இரண்டு: ‘கராம்பெண்ணெயில் உள்ள யூஜினோல் என்ற சேர்மம் பாக்டீரியாவின் மென்சவ்வை—’

இது கட்டுரை. உண்மைதான், ஆனால் இதில் யாருமே இல்லை.

தொடக்கம் மூன்று: ‘வினோதா செய்த முதல் பன்னீர் பல்வலி போல மணத்தது.’

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

வினோதா செய்த முதல் பன்னீர் பல்வலி போல மணத்தது. சொத்தைப் பல்லில் பஞ்சால் தொட்டு வைப்பார்களே, அதே கராம்பெண்ணெய்தான். கராம்பிலும் கறுவாப்பட்டை மரத்தின் இலையிலும் உள்ள எண்ணெய் கிருமிகளின் தோலைப் பொத்தலாக்கிவிடும் என்பதை அவள் பல்கலைக்கழகத்தில் படித்திருந்தாள். பன்னீரின் குணத்தை யாரும் சொல்லித்தரவில்லை. பன்னீரில் இருக்கும் கொழுப்பு எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். கிருமியைக் கொல்ல மிச்சம் இருக்காது. மிச்சம் இருக்கட்டும் என்று கூடுதலாக ஊற்றினால் மனிதர் வாயில் வைக்க முடியாது.

சங்கத்தின் தலைவர் செல்லசாமி ஒரு துண்டை வாயில் போட்டு மெதுவாக மென்றார். “பல்லு வலிக்கு நல்லாக் கேக்கும் போல” என்றார். துப்பவில்லை. அவருடைய மரியாதை அது.

பிறகு வினோதா அந்த இரண்டு எண்ணெயையும் உறைக்குள் போட்டாள். மாப்பொருளும் மரப்பிசினும் கரைத்த நீரில் எண்ணெயை விட்டு நன்றாக அடித்து, அந்தக் கலவையைச் சூடான காற்றில் தூவி உலர்த்தினால் மாவு போன்ற தூள் கிடைக்கும். ஒவ்வொரு துகளுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் துளிகள் மூடிக்கிடக்கும். அந்த இயந்திரம் சங்கத்தில் இல்லை; கண்டிப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் கெஞ்சிக் கேட்டு அங்கேயே செய்துகொண்டு வருவாள். தூளைப் பன்னீரில் கலந்தால் மணக்காது. பன்னீரின் ஈரத்தில் உறைகள் மெல்ல மெல்லக் கரைந்து எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். நாக்குக்குத் தெரியாது, கிருமிக்குத் தெரியும். சில நாளில் புளித்துப்போகிற பன்னீர்* குளிரறையில் இரண்டு வாரத்துக்கு மேல் நின்றது. நுவரெலியா ஹோட்டல்காரர்கள் விரும்பி வாங்கினார்கள். சங்கத்துக்காரர்கள் அந்தத் தூளைப் ‘பவுடர்’ என்றார்கள்.

‘குளிரறையில்’ என்ற சொல்லைக் கவனித்துக்கொள்ளுங்கள். கெட்டிக்காரக் கதாசிரியர் இதைப் பத்திக்குள் ஒளித்துவைப்பார். நான் விரலால் காட்டிவிடுகிறேன்.

(* தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பன்னீர் என்றால் கல்யாண வீட்டு வாசலில் தெளிப்பது. மகள் பன்னீர் செய்கிறாள் என்று வினோதாவின் அம்மா வீரம்மா ஊரெல்லாம் சொல்லி, இரண்டு கல்யாணத்துக்கு ஆர்டரும் பிடித்துவிட்டார். அதைச் சமாளித்தது தனிக்கதை. அதை எழுதப் போவதில்லை.)

4

மழையைச் சொல்லாமல் தப்ப முடியாது போலிருக்கிறது. மழை பெய்தது. அக்கரப்பத்தனைக்குப் போகும் ரோட்டின்மேல் மலை இறங்கி உட்கார்ந்துகொண்டது. கரண்ட் போனது, போன் சிக்னல் போனது. மேட்டு லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்திருந்ததால் அங்கிருந்த குடும்பங்களைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். வினோதாவும் வீரம்மாவும் வினோதாவின் தம்பி மனைவி ஷாமிலாவும் அப்படித்தான் அங்கே வந்தார்கள். தம்பி ஜீவராஜ் சங்கத்தின் பால் வேனை ஓட்டுகிறவன். மண் சரிந்தபோது வேனோடு ரோட்டின் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான்.

ஷாமிலா ஆறு மாதம் கடந்த கர்ப்பிணி. அவள் என்ன செய்யப் போகிறாள் என்பது தலைப்பை வாசித்த உங்களுக்குத் தெரியும். வினோதாவுக்கு அப்போது தெரியாது.

பள்ளிக்கூடத்துக்குக் கீழே கடை வைத்திருந்த அன்ஸார், இருந்த அரிசி பருப்பு கருவாடு எல்லாவற்றையும் மூட்டையோடு மேலே அனுப்பினார். முதலில் சோறு ஆக்கினார்கள். பிறகு கஞ்சி காய்ச்சினார்கள். பிறகு கஞ்சியில் தண்ணீர் கூடிக்கொண்டே போனது. ஒரு ஹெலிகொப்டர் வந்தது. எல்லோரும் வெளியே ஓடிக் கையசைத்தார்கள். அது வேறு எங்கேயோ போகிற ஹெலிகொப்டர்.

சங்கத்தின் குளிரறையில் மட்டும் கூடை கூடையாகப் பன்னீர் இருந்தது. ஹோட்டல்களுக்குப் போகவேண்டிய சரக்கு. ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்துபோனதால் அது இப்போது வெறும் அறைதான்.

செல்லசாமி வினோதாவைத் தேடிக்கொண்டு வந்தார்.

“அந்தச் சாமான் இன்னும் நல்லாத்தானே புள்ள இருக்கு?”

“தெரியாதுங்க.”

“நீதானே பவுடர் போட்ட?”

“குளிர்ல எவ்வளவு நாளைக்கு நிக்கும்னுதான் பாத்தேன். கரண்ட் இல்லாமப் பாக்கல.”

“இப்பப் பாரு.”

“எதை வச்சுப் பாக்க? பாக்கிற மெஷினும் கரண்ட்லதான் ஓடுது.”

செல்லசாமி தன் வாயிலிருந்து வந்த ஆவியைப் பார்த்தார். “இந்தக் குளிரு பத்தாதா அதுக்கு?”

“இது மனுசருக்குத்தாங்க குளிரு. கிருமிக்கு இது வெயில் காலம்.”

5

இங்கே எனக்குச் செல்லசாமி மேல் சந்தேகம் வந்தது. முதல் பிரதியில் அவரை வில்லனாக்கியிருந்தேன். கெட்டுப்போன சரக்கை ஜனங்களிடம் கொடுத்து நல்ல பெயர் வாங்கப் பார்க்கும் தலைவர். சால்வைகூடப் போர்த்திவிட்டேன். அவர் சால்வை போடுகிறவரே இல்லை.

அந்தப் பக்கங்களை வினோதாவுக்கு அனுப்பினேன். அன்றைக்கே கூப்பிட்டாள்.

“அவர அப்படி எழுதாதீங்க. அவரோட மாட்டுப்பட்டி மண்ணுக்குள்ள போயிருச்சு. ஒரு மாடு மிச்சமில்ல. அன்னிக்கும் வந்து குளிரறைக் கதவத் தொடைச்சுக்கிட்டு இருந்தாரு.”

“கதவை எதுக்குத் துடைத்தார்?”

“வேற என்னா செய்வாரு?”

சால்வையை எடுத்துவிட்டேன். உண்மையில் அவர் கடைசியாகச் சொன்னது இதுதான்:

“நீ வேணாம்னு சொன்னா வேணாம். நானே கொண்டுபோய்க் குழி தோண்டிப் பொதைச்சிடுறேன். ஆனா பள்ளிக்கூடத்துல இருக்கிற சனங்ககிட்ட நீதான் போய்ச் சொல்லணும்.”

வினோதா பள்ளிக்கூடத்துக்குப் போனாள். சொல்லத்தான் போனாள். உள்ளே பிள்ளைகள் கஞ்சிக் கோப்பையை விரலால் வழித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் அழவில்லை. அழுதிருந்தால் சொல்லியிருப்பேன் என்றாள் என்னிடம். அமைதியாக இருந்ததால் வாய் வரவில்லையாம்.

6

அவள் யோசித்ததை அவள் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

அவளுடைய பயம் இரண்டு விதம். முதலாவது, சில கிருமிகள் உணவில் விஷத்தை விட்டுவைக்கும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், விஷம் சாகாது. தின்ற சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு. கஞ்சித் தண்ணீரில் கிடக்கிற பிள்ளைகள் அதைத் தாங்க மாட்டார்கள். இரண்டாவது, லிஸ்டீரியா என்று ஒன்று. அது குளிரிலும் வளரும். ஆனால் நன்றாகக் கொதிக்கவைத்தால் செத்துவிடும், விஷத்தையும் விட்டுவைக்காது. அதை உயிரோடு தின்றாலும் திடமான ஆளுக்குப் பெரும்பாலும் பெரிதாக ஒன்றும் செய்யாது. கர்ப்பிணிக்கு லேசான காய்ச்சல் காட்டிவிட்டு, வயிற்றிலிருக்கும் பிள்ளையிடம் போய்விடும்.

இரண்டாவதற்கு மருந்து அடுப்பு. முதலாவதற்கு மருந்தில்லை.

மறுநாள் காலையில் குளிரறைக்குப் போய், ஒவ்வொரு கூடையிலிருந்தும் ஒரு துண்டு எடுத்து, அங்கேயே ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து, எல்லாவற்றையும் தின்றாள்.

“இது விஞ்ஞானம் இல்லைன்னு கட்டாயம் போடுங்க” என்று என்னிடம் சொன்னாள். போட்டுவிட்டேன். இது விஞ்ஞானம் இல்லை. ஒருத்தி தின்று ஒன்றும் ஆகாவிட்டால் மற்றவருக்கும் ஆகாது என்று எந்தப் புத்தகத்திலும் கிடையாது. யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

பிறகு பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒரு வாங்குப் பலகையில் உட்கார்ந்து வயிற்றைக் கவனித்துக்கொண்டிருந்தாள். வீரம்மா பக்கத்தில் வந்தார்.

“என்னாடி ஒரு மாதிரியா உக்காந்திருக்க?”

“வாந்தி வருதான்னு பாத்துக்கிட்டு இருக்கேன்.”

வீரம்மா மருமகளின் வயிற்றைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மகளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. குரலை இறக்கிக்கொண்டு, “யாருடி?” என்றார்.

“பன்னீர்.”

பன்னீர் என்று ஆண்களுக்கும் பெயர் உண்டு என்பது வினோதாவுக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. அதற்குள் வீரம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

[இந்த இடத்தை எடுத்துவிடும்படி வினோதா கேட்டாள். எடுக்கக் கூடாது என்று வீரம்மா சொன்னார். வயதில் மூத்தவர் பேச்சைக் கேட்டிருக்கிறேன்.]

மத்தியானம் ஆயிற்று. ஒன்றும் வரவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் வினோதாவுக்கு வந்தது பசி மட்டும்தான். செல்லசாமியிடம் போய், “எடுத்துட்டு வாங்க” என்றாள்.

7

அவள் ஒரே ஒரு சட்டம் வைத்தாள். யாரும் பச்சையாகத் தின்னக் கூடாது. எல்லாம் குழம்பில் போட்டு, குழம்பு தளதளவென்று கொதித்து, அவள் போதும் என்று சொன்ன பிறகுதான் இறக்க வேண்டும். இதை மூன்று தரம் சத்தமாகச் சொன்னாள்.

அன்ஸார் கடையிலிருந்து பெரிய கிடாரம் வந்தது. விறகு ஈரம், புகைந்து புகைந்து எரிந்தது. ஆண்கள் தண்ணீர் தூக்கப் போனார்கள். அடுப்பை ஊதுகிற வேலையை வினோதாவே எடுத்துக்கொண்டாள், ஏனென்றால் கொதிப்பைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். பன்னீரைத் துண்டு போடுகிற வேலை, உட்கார்ந்தபடி செய்யக்கூடிய லேசான வேலை என்பதால், ஷாமிலாவுக்குக் கொடுக்கப்பட்டது.

கொடுத்தது வினோதா.

(இந்த வரியை எழுதிவிட்டு வேறு யாராவது கொடுத்ததாக மாற்றலாமா என்று யோசித்தேன். வீரம்மா கொடுத்திருக்கலாம், செல்லசாமி கொடுத்திருக்கலாம். கதைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வினோதாவிடம் கேட்டேன். “அது நான்தான். மாத்தாதீங்க” என்றாள்.)

எல்லோரும் சாப்பிட்டார்கள். உப்பு போதாது என்று ஒருவர் சொன்னார். சாப்பாட்டில் குறை சொல்லும் அளவுக்கு ஊர் தேறிவிட்டதே என்று அதைக் கேட்டு வினோதாவுக்குச் சந்தோஷம். அன்றும் மறுநாளும் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கிடாரத்தில் ஒட்டியிருந்ததைக்கூடச் சுரண்டித் தின்றார்கள்.

மறுநாள் வினோதாவும் ஷாமிலாவும் தண்ணீர் விழும் பீலியடியில் கோப்பைகள் கழுவிக்கொண்டிருந்தபோது ஷாமிலா சொன்னாள்:

“கொழம்புல போட்டுக் கெடுத்துட்டீங்க மதினி. பச்சையாவே நல்லாத்தான் இருந்துச்சு.”

வினோதா கையிலிருந்த கோப்பையைக் கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்தாள்.

“எத்தன துண்டு?”

“மூணு. நாலு இருக்கும். வெட்டிக்கிட்டே வாயில போட்டேன். பசி மதினி. நான் வேணாம்னாலும் உள்ள இருக்கிறது கேக்கல.”

“நான் சொன்னது காதுல விழலையா?”

“விழுந்துச்சு. சின்னப் புள்ளைங்களுக்குச் சொல்றீங்கன்னு நெனச்சேன்.”

“என்னா ருசி இருந்துச்சு?”

ஷாமிலா யோசித்தாள். “பால் ருசிதான். லேசா கறுவா வாசம்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு. கறுவா வாசம் வந்துச்சா?”

“வந்துச்சு மதினி. ஏன்?”

முந்தின நாள் தின்றபோது வினோதாவின் கவனமெல்லாம் வயிற்றில் இருந்தது, நாக்கில் இல்லை. வாசம் வந்தால் அந்தச் சரக்கு தேறாது. ஹோட்டல்காரர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உறை கரைந்து எண்ணெய் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். வினோதா வாழ்க்கையிலேயே முதல் தரமாக அந்த வாசம் வந்ததற்காகச் சந்தோஷப்பட்டாள். வெளியே வந்த எண்ணெய் சும்மா இருந்திருக்காது, கிருமி இருந்திருந்தால் வேலையைக் காட்டியிருக்கும். போதுமான அளவுக்கா என்பது தெரியாது. கிருமி இருந்ததா என்பதே தெரியாது.

ஒரு துண்டையாவது சோதனைக்கு எடுத்து வைத்திருக்கலாமே என்று கேட்டேன். நீங்களும் கேட்பீர்கள் என்று நினைத்துத்தான் கேட்டேன்.

“எப்பவும் எடுத்து வைப்பேன். அன்னிக்குக் கோப்பைய நீட்டிக்கிட்டு நிக்கிறவங்ககிட்ட, இது சாம்பிள், ஒங்களுக்கு இல்லைன்னு சொல்லச் சொல்றீங்களா?”

8

ரோடு திறந்ததும் அவள் செய்த முதல் வேலை, ஷாமிலாவை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது. ஜீவராஜ்தான் வேனை ஓட்டினான். வழியில் எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள். அவன் கியர் போடும் சத்தம் மட்டும் கொஞ்சம் கூடியது.

டாக்டர் ஒரு சிங்களப் பெண். வினோதா சிங்களத்தில் விளக்கினாள். எந்தக் கிருமி, எந்தச் சூடு, என்ன எண்ணெய், எந்த உறை. டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீங்கள் எங்கே படித்தீர்கள் என்று விசாரித்தார். பிறகு ஷாமிலாவைப் பரிசோதித்தார். காய்ச்சல் இல்லை. பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு சரி.

“காய்ச்சல் இல்லாதவருக்கு இப்போது மருந்து கொடுக்க மாட்டோம். காய்ச்சலோ உடம்பு வலியோ வந்தால் அந்த நிமிடமே வாருங்கள். சில பேருக்கு வாரக்கணக்கில் கழித்தும் வரும். இரண்டு மாதத்துக்கு மேலும் ஆகலாம். வராமலே போகலாம். பெரும்பாலும் வராது.”

“பெரும்பாலும்னா?” என்றான் ஜீவராஜ் தமிழில். வினோதா அதை மொழிபெயர்க்கவில்லை. அந்தச் சொல்லுக்கு அவளுக்கே அர்த்தம் தெரியும்.

வீட்டுக்கு வந்தபின் ஜீவராஜ் அக்காவைத் திட்டவில்லை. எல்லாவற்றையும் அவிக்கத் தொடங்கினான். குடிக்கிற தண்ணீர், காய்கறி, கடைசியில் வாழைப்பழம். அவித்த வாழைப்பழத்தை ஷாமிலா இரண்டு நாள் தின்றாள். மூன்றாவது நாள் கோப்பையோடு அவனுக்கு முன்னால் வைத்து, “நீங்க சாப்பிடுங்க” என்றாள். அதோடு பழம் தப்பித்தது.

9

முடிவுகள்.

முதல் முடிவு: [                    ]

இரண்டாம் முடிவு: [                    ]

இரண்டையும் முழுதாக எழுதியிருந்தேன். முதலாவதில் காய்ச்சல் வந்தது. இரண்டாவதில் பெண் பிள்ளை பிறந்தது, வீரம்மா வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் பன்னீர் தெளித்தார். எது நன்றாக இருக்கிறது என்று வினோதாவிடம் வாசித்துக் காட்டினேன். முதலாவதன் பாதியிலேயே நிறுத்தச் சொன்னாள்.

“அத அழிச்சிடுங்க.”

“இது கதைதானே.”

“தெரியும். அழிச்சிடுங்க. எழுதினது எங்கயும் இருக்க வேணாம்.”

கிருமியையும் உறையையும் பற்றி ஒரு முற்பகல் முழுக்க எனக்குப் பாடம் எடுத்தவள் அவள்தான். நான் அதை ஞாபகப்படுத்தவில்லை. அழித்தேன். அவள் போனைப் பிடித்துக்கொண்டே, அழித்தாயிற்றா என்று இன்னொரு தரம் கேட்டாள். ஆயிற்று என்றேன். பிறகு இரண்டாவது முடிவு மட்டும் தனியாக இருந்தது. மிகவும் நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததாலேயே அதையும் பார்க்கப் பயமாக இருந்தது. அதையும் அழித்துவிட்டேன்.

10

ஆகவே என்னிடம் இருப்பது, நான் இதை எழுதும் வாரத்தில் டயகமவில் தினமும் நடப்பது மட்டும்தான்.

சங்கத்தில் குளிரறை திரும்ப ஓடுகிறது. செல்லசாமி ஒரு கன்றுக்குட்டி வாங்கியிருக்கிறார். ஷாமிலாவின் வயிறு இறங்கத் தொடங்கிவிட்டது. வினோதா காலையில் வேலைக்குப் புறப்படுமுன் தம்பியின் அறைக் கதவைத் தட்டுகிறாள். ஜீவராஜ் அதற்கு முன்பே வேனை எடுத்துக்கொண்டு போயிருப்பான். ஷாமிலா தூக்கத்தில் இருப்பாள்.

டயகமவில் விடிகிற நேரத்தில் யார் கையும் சூடாக இருக்காது. குளிர்ந்த கைக்கு எந்த நெற்றியும் காய்ச்சல் நெற்றிதான். அதனால் வினோதா முதலில் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக் கையைச் சூடாக்கிக்கொள்கிறாள். சூடான கைக்கு எந்த நெற்றியும் சுகமாகத்தான் இருக்கும். இதுவும் அவளுக்குத் தெரியும். தெர்மோமீட்டர் வாங்கி வைத்திருக்கிறாள்; அதையும் வைத்துப் பார்க்கிறாள். ஆனால் முதலில் கைதான்.

“இன்னிக்கு எப்படி மதினி?” என்கிறாள் ஷாமிலா, கண்ணைத் திறக்காமல்.

“நல்லாத்தான் இருக்கு. தூங்கு.”

இவ்வளவுதான். இதழாசிரியர், கட்டுரையோ கதையோ கையிலிருப்பதை அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார். இது அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது பிள்ளை பிறக்கும் காலம் கடந்திருக்கும். என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாமல் எழுதியதை, தெரிந்துகொள்ளக்கூடிய நாளில் நீங்கள் வாசிப்பீர்கள். டயகம பஸ்ஸில் ஏறிப் பால் சங்கத்துக்குப் பக்கத்தில் இறங்கிக் கேளுங்கள், யாராவது வழி காட்டுவார்கள். வினோதாவிடம் கேட்க வேண்டாம். அவள் ‘பெரும்பாலும்’ என்று தொடங்குவாள். ஷாமிலாவிடமே கேளுங்கள்.

நான் போனமுறை பேசியபோது முடிவை என்ன செய்வது என்று ஷாமிலாவிடம்தான் கேட்டேன். பின்னால் ஏதோ கொதிக்கும் சத்தம் கேட்டது. அவள் அவசரப்படாமல் சொன்னாள்:

“பொறந்தோன்ன நானே சொல்றேங்க. அதுவரைக்கும் நீங்க ஒன்னும் எழுதாதீங்க.”

எழுதவில்லை.